பெட்டியில் போட்ட எண்ணும் நம்ம ஊர் உப்புக்காற்றும்



பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் பிள்ளையோ பேரனோ ஸ்கேட்போர்டு, ஸ்கேட்டிங் ஷூ என்று நச்சரித்துக்கொண்டிருந்தால் முழுசாகப் படியுங்கள். மற்றவர்கள் பொறுமை இருக்கும்வரை படியுங்கள்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சக்கரத்துக்குப் பேரிங் வாங்கப் போனால் பெட்டிமேல் அச்சடித்திருக்கும் "ஏபெக் 7", "ஏபெக் 9" என்ற எண்ணைப் பார்த்துக் காசைக் கொட்டாதீர்கள். தூத்துக்குடி மாதிரிக் கடற்கரை ஊருக்கு ஏற்ற பேரிங் உப்பை எளிதில் உள்ளே விடாததாகவும், திறந்து கழுவக்கூடியதாகவும் இருக்க வேண்டும். அதைக் கழுவி எண்ணெய் விட ஓட்டுகிற பிள்ளைக்கே தெரிந்திருக்க வேண்டும். எண்ணெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஓய்வுபெற்ற பௌதிக டீச்சருக்குப் பேரிங்கோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். இந்தக் கோடை விடுமுறையில் மூன்று பேர் இதே விஷயத்துக்காக எனக்குப் போன் செய்துவிட்டார்கள். துபாயிலிருந்து ஒரு மாணவன், சென்னையிலிருந்து என் தங்கை மகள். மூன்றாவது ஆள் நம் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை பார்க்கிற பழைய மாணவன். மகள் ஏழாம் வகுப்பு. ஸ்கேட்டிங் வகுப்புக்குப் போகிறாள். அவன் பேசியதை அப்படியே எழுதுகிறேன்: "டீச்சர், ஒரு சந்தேகம். பாப்பா ஷூவுக்குப் பேரிங் மாத்தணுமாம். ஏபெக் 9 இல்லாட்டி போட்டிக்கு வரவே வேண்டாம்னு சொல்லிட்டாவ. நாலாயிரத்து ஐந்நூறு ஆகுமாம். வட்டிக்கு வாங்கிரவா?"

யார் சொன்னது, எந்த இடம் என்பது இங்கே வேண்டாம். ஆனால் ஒரு எண்ணுக்காக ஒரு அப்பா வட்டிக்கு வாங்கப் போகிறார், வாங்க முடியாவிட்டால் ஒரு பிள்ளை ஓட்டத்தையே விட்டுவிடும் என்றால், அந்த எண் உண்மையில் எதை அளக்கிறது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். அதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஸ்கேட்போர்டில் 4 சக்கரம், சக்கரத்துக்கு 2 வீதம் 8 பேரிங். ஒரு காலுக்கு 4 சக்கரம் உள்ள ஷூ என்றால் ஜோடிக்கு 16. இரண்டிலும் பெரும்பாலும் இருப்பது 608 என்ற ஒரே அளவு. உள்துளை 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ., அகலம் 7 மி.மீ. இது ஸ்கேட்டிங்குக்கென்று பிறந்த பொருளே இல்லை. சின்ன மின்மோட்டார்களிலும் டிரில்லிங் மெஷின்களிலும் இதே 608தான் சுற்றுகிறது. ஊரில் மோட்டார் காயில் கட்டுகிறவரிடம் கேட்டுப் பாருங்கள், கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பார்.

உள்ளே இருப்பது இவ்வளவுதான்: ஒரு உள்வளையம், ஒரு வெளிவளையம், நடுவில் பெரும்பாலும் 7 எஃகு உருண்டைகள், உருண்டைகள் ஒன்றோடொன்று மோதாமல் பிடித்துக்கொள்ள ஒரு கூண்டு, கொஞ்சம் எண்ணெய் அல்லது கிரீஸ், இரண்டு பக்கமும் மூடி. உரசிக்கொண்டு இழுபடுவதைவிட உருண்டுகொண்டு போவது எளிது என்று ஒன்பதாம் வகுப்பில் உங்களுக்கு நடத்தினேனே, அந்த ஒரு வரிப் பாடம்தான் இந்தக் கருவி. 1794இலேயே வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த பிலிப் வாகன் என்பவர் வண்டி அச்சுக்கு இப்படி உருண்டைகளை வைத்துக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். ஸ்கேட்போர்டுக்கு இது மிகவும் பிந்தி வந்தது. 1970களின் நடுப்பகுதிவரை சக்கரத்துக்குள் உருண்டைகள் தளர்வாகவே கிடக்கும், மறை கழன்றால் தெருவெல்லாம் சிதறும். பிறகுதான் மூடி போட்ட பேரிங் வந்தது.

நம் பையன்கள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு பேரிங் வண்டி ஞாபகம் இருக்கும். லாரி பட்டறையில் கெஞ்சி வாங்கிய மூன்று பழைய பேரிங், ஒரு பலகை, முன்னால் திருப்ப ஒரு குறுக்குக் கட்டை, அதில் கட்டிய கயிறு. தார் ரோட்டில் அது போகிற சத்தத்துக்குத் தெருவே திட்டும். பட்டறை அண்ணாச்சி அந்தப் பேரிங்கைச் சும்மா தூக்கிக் கொடுக்க மாட்டார். மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவி, விரலால் சுற்றிப் பார்த்து, கிரீஸ் அடைத்துக் கொடுப்பார். "வாரத்துக்கு ஒருக்கா கழுவணும்ல, இல்லன்னா பூட்டிக்கிடும்" என்பார். அவர் எந்த எண்ணையும் பார்த்ததில்லை. பேரிங்கைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால் பாகம் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

சரி, ஏபெக் என்றால் என்ன? அமெரிக்கப் பேரிங் தயாரிப்பாளர்களின் பொறியாளர் குழு ஒன்று வகுத்த துல்லிய அளவுகோல் அது. 1, 3, 5, 7, 9 என்று ஐந்தே படிகள். வளையங்களின் அளவும் அவை சுழலும்போது வருகிற ஆட்டமும் எவ்வளவு நெருக்கமாகக் கட்டுக்குள் இருக்கின்றன என்பதைத்தான் அது சொல்கிறது. எஃகு நல்லதா, எவ்வளவு கடினம், உருண்டை எந்தத் தரம், கூண்டு உறுதியா, உள்ளே என்ன எண்ணெய், மூடி தூசியைத் தடுக்குமா, குதித்தால் தாங்குமா என்ற கேள்விகள் எதற்கும் அந்த எண்ணில் பதில் இல்லை. "ஏபெக் 11" என்று போட்டுச் சில பெட்டிகள் வருகின்றன. அளவுகோல் 9இலேயே முடிந்துவிடுகிறது. நூற்றுக்கு நூற்றுப்பத்து வாங்கியதாக ஒரு பிள்ளை வந்து சொன்னால் நாம் என்ன நினைப்போமோ, அதையே இங்கேயும் நினைத்துக்கொள்ளலாம்.

இதை விளங்க வைக்க நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. முத்துக்குளித்துறை என்று பெயரெடுத்த கரை இது. கடைசியாக இங்கே முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். மன்னார் வளைகுடாவில் எடுத்த முத்துகளை முதலில் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலிப்பார்கள். ஒவ்வொன்றின் துளையும் முந்தையதைவிடச் சிறியது. எந்தச் சல்லடையில் தங்கியதோ, முத்தின் பருமன் அது. அதோடு விலை வைத்துவிட மாட்டார்கள். உருட்சி எப்படி, ஒளி எப்படி என்று கைதேர்ந்தவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். பெரிய சல்லடையில் தங்கிவிட்டது என்பதற்காக ஒரு கோணல் முத்தை ஆணிமுத்து என்று யாரும் வாங்கியதில்லை. ஏபெக் எண் அந்தச் சல்லடை மாதிரி. அளக்க வேண்டியதைச் சரியாகவே அளக்கிறது. அதை மட்டும் பார்த்து வாங்குகிறவர்தான் ஏமாறுகிறார்.

இனி கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், பெருக்கலும் வகுத்தலும்தான்.

ஸ்கேட்போர்டுச் சக்கரத்தின் விட்டம் 52 மி.மீ. என்று வைப்போம். சுற்றளவு சுமார் 163 மி.மீ. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போனால் அந்தச் சக்கரம் நொடிக்குச் சுமார் 34 சுற்று, நிமிடத்துக்கு ஏறக்குறைய 2000 சுற்று சுற்றும். இனி உலக சாம்பியனைப் பாருங்கள். 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தைஹேயில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் போட்டியில் நம் தமிழ்நாட்டுப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டரில் தங்கம் வென்றார். நேரம் ஏறக்குறைய 1 நிமிடம் 25 நொடி. சராசரி வேகம் மணிக்கு 42 கி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. 110 மி.மீ. சக்கரம் என்று வைத்துக்கொண்டு வகுத்தால் அங்கேயும் நிமிடத்துக்குச் சுமார் 2000 சுற்றுதான் வருகிறது. பெரிய கம்பெனிப் பட்டியல்களைப் புரட்டினால் சாதாரண 608 பேரிங்குக்கே நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் அனுமதி போட்டிருக்கும். உலக சாம்பியனின் வேகமே அதில் பத்தில் ஒரு பங்கு. ஏழாம் வகுப்புப் பிள்ளையின் வேகத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

துல்லியத்தையும் பார்த்துவிடுவோம். இந்த அளவுப் பேரிங்கில் உள்வளையம் சுழலும்போது ஆடலாம் என்று ஏபெக் 1 விடுகிற வரம்பு 10 மைக்ரான். ஏபெக் 5க்கு 4 மைக்ரான், ஏபெக் 9க்கு 1.5 மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஒன்று 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். ஆக, ஒன்றாம் எண்ணுக்கும் ஒன்பதாம் எண்ணுக்கும் நடுவில் இருப்பது ஒரு முடியின் தடிமனில் சின்னப் பங்கு. சாப்பாட்டு மேசையில் இருக்கும் பொடியுப்பின் ஒரு பரல் சுமார் 300 மைக்ரான். ஏபெக் 9 பேரிங்குக்குள் ஒரு உப்புப் பரல் புகுந்த நொடியிலேயே அந்த எட்டரை மைக்ரான் பெருமை முடிந்தது.

நம் ஊர்க் கதையே இங்கேதான் ஆரம்பிக்கிறது. உப்புக்கு எப்படிப்பட்ட ஊர் இது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடற்கரைச் சாலையில் நின்றால் உதட்டை நக்கினாலே கரிக்கும். மாசம் பிறந்தால் ஜன்னல் கம்பிக்குப் பெயிண்ட் அடிக்கிற ஊர். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பித்துவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவது இதனால்தான். பகலில் பேரிங்கில் ஒட்டிய உப்புத்தூசி ராத்திரியில் உப்புத்தண்ணீராகிறது. எஃகுக்கு அதைவிடக் கெட்ட சேர்க்கை கிடையாது. சாயங்காலம் ஓட்டி முடித்து அப்படியே வராந்தாவில் போட்டுவிட்டு, பரீட்சை முடிந்து மூன்று வாரம் கழித்து எடுத்தால் சக்கரம் பூட்டிக்கிடக்கும். பிள்ளை "மட்டமான பேரிங்" என்று அழும். பேரிங் மேல் குற்றம் இல்லை.

இதில் பெயரை வைத்து ஏமாறுகிற இடம் இரண்டு உண்டு.

ஒன்று, "குரோம் ஸ்டீல்". பெயரைக் கேட்டால் துருப்பிடிக்காது போலத் தோன்றும். பேரிங்குக்குப் பயன்படுத்தும் குரோம் ஸ்டீலில் குரோமியம் சுமார் 1.5 சதவீதம்தான். துருவைத் தாங்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லக் குறைந்தது 10.5 சதவீதம் வேண்டும். ஆகவே குரோம் ஸ்டீல் பளபளக்கும், கடினமாக இருக்கும், துருவும் பிடிக்கும். இரண்டு, "செராமிக்". விலை கண்ணைக் கட்டும். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் கலப்பு வகை, அதாவது உருண்டை மட்டும் செராமிக், வளையம் எஃகு. உருண்டை துருப்பிடிக்காது என்பது உண்மை. அது ஓடுகிற பாதை துருப்பிடித்துவிட்டால் உருண்டை மட்டும் சுத்தமாக இருந்து என்ன செய்ய?

அப்படியானால் எதை வாங்குவது? என் சிபாரிசை வரிசையாகச் சொல்கிறேன்.

1. மூடியைப் பாருங்கள். எண்ணுக்குப் பின்னால் இசட் இசட் என்று ஆங்கில எழுத்து இருந்தால் இரண்டு பக்கமும் தகர மூடி. அது ஓரத்தில் மடித்து இறுக்கப்பட்டிருக்கும், கழற்றினால் பல நேரம் நெளிந்துவிடும், ஓரமாகச் சின்ன இடைவெளியும் இருக்கும். 2ஆர்எஸ் என்றிருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. இதுதான் நமக்கு வேண்டியது. உப்பையும் மணலையும் அதிகம் தடுக்கும், ஊசி முனையால் நெம்பிக் கழற்றித் திரும்ப மாட்டலாம். கடற்கரையில் ஓட்டுகிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது 608 2ஆர்எஸ்.

2. பேர்பெற்ற கம்பெனிப் பொருளாக, நம்பிக்கையான பேரிங் கடையில் பில்லோடு வாங்குங்கள். பேரிங்கில் போலிச் சரக்கு நிறைய. எந்தக் கம்பெனி என்றே தெரியாத "ஏபெக் 9"ஐவிட, எண்ணே போடாத நல்ல கம்பெனி மோட்டார் பேரிங் மேல். விலையும் ஸ்கேட்டிங்குக்கென்று அலங்காரப் பெட்டியில் வருவதைவிடக் குறைவாகவே இருக்கும்.

3. கையில் காசு இருக்கிறது, கடலோரத்தில்தான் தினமும் ஓட்டம் என்றால் ஸ்டெயின்லெஸ் வகைக்குக் கொடுங்கள். அதுவும் முழுக்கத் துருவாது என்று இல்லை, தாமதமாகும். சாதாரண எஃகைவிடக் கொஞ்சம் மென்மை. ஆனால் பிள்ளைகள் எடைக்கு அது பிரச்சினை இல்லை.

4. கடையில் விரலால் தட்டிவிட்டு எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று பார்த்து வாங்காதீர்கள். எண்ணெயே இல்லாத வறண்ட பேரிங்தான் வெறுமனே அதிக நேரம் சுற்றும். கிரீஸ் நிறைந்த புதுப் பேரிங் சீக்கிரம் நின்றுவிடும். மேலே 40 கிலோ ஏறி நின்றதும் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, வறண்டது மட்டும் சீக்கிரம் தேயும்.

5. பலகை வேகமாகப் போகவில்லை என்றால் முதலில் சக்கரத்தைப் பாருங்கள். நம் ரோடு சொரசொரப்பு. வழவழப்பான தளத்துக்கென்று செய்த 99ஏ மாதிரிக் கடினச் சக்கரத்தை அதில் ஓட்டினால் பல்லெல்லாம் ஆடும். 78ஏ பக்கம் இருக்கிற, கொஞ்சம் பெரிய, மெத்தென்ற சக்கரம் மாற்றினால் எந்தப் பேரிங்கும் தராத வித்தியாசம் தெரியும்.

6. மிச்சமாகும் காசில் தலைக்கவசம் வாங்குங்கள். முட்டிக்கும் மணிக்கட்டுக்கும் காப்பு வாங்குங்கள். இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

வாங்கிவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. பட்டறை அண்ணாச்சி சொன்ன மீதி இனிதான். மாதம் ஒருமுறை, கடலோரத்தில் ஓட்டினால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, சக்கரத்தைக் கழற்றிப் பேரிங்கை வெளியே எடுக்க வேண்டும். ஸ்கேட்போர்டு என்றால் அச்சு முனையையே நெம்புகோலாக வைத்துத் திருப்பினால் வந்துவிடும். நெம்புகோல் தத்துவம் எதற்கு என்று கேட்டீர்களே, இதற்கும்தான். ரப்பர் மூடியின் உள்விளிம்பில் ஊக்கை விட்டு மெதுவாக நெம்புங்கள். மூடியைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவையுங்கள். வளையத்தை மண்ணெண்ணெயிலோ மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலிலோ போட்டு ஆட்டுங்கள். பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும், அடுப்பங்கரைப் பக்கமே போகக் கூடாது, பெட்ரோலைத் தொடவே கூடாது. அழுக்கு வருவது நிற்கும்வரை மாற்றி மாற்றிக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு விட்டுச் சுற்றுங்கள். மழைக்காலமாக இருந்தால் எண்ணெய்க்குப் பதில் கொஞ்சம் கிரீஸ். வேகம் ஒரு துளி குறையும், துரு ரொம்பக் குறையும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசினாகிவிடும். துரு கழற்றும் ஸ்பிரே அடித்தாலே போதும் என்று நினைக்காதீர்கள். அது அழுக்கைக் கரைக்கும், ஆனால் உள்ளே தங்கி வேலை செய்யும் எண்ணெய் ஆகாது. குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவது எல்லாவற்றையும்விட மோசம்.

திரும்ப மாட்டும்போது நட்டை முறுக்கித் தள்ளாதீர்கள். இறுக்கிவிட்டு, சக்கரம் பக்கவாட்டில் மயிரிழை ஆடுகிற அளவுக்குத் தளர்த்துங்கள். இரண்டு பேரிங்குக்கும் நடுவில் வருகிற சின்னக் குழாயையும் வெளிப்பக்க வாஷரையும் தொலைத்துவிடாதீர்கள். பக்கவாட்டு அழுத்தம் பேரிங் மேல் கோணலாக விழாமல் காப்பது அவைதான். கழுவி எண்ணெய் விட்ட பிறகும் விரலுக்கு நறநறவென்று தட்டினால் உள்ளே குழி விழுந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள், எட்டையும் தூக்கிப் போட வேண்டாம்.

துறைமுகத்து மாணவனிடமும் இதைத்தான் சொன்னேன். அப்பாவும் மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பதினாறையும் கழற்றினார்கள். கழுவிய மண்ணெண்ணெய் தேநீர் நிறத்தில் இருந்ததாம். பதினொன்று நன்றாகவே சுற்றியது. ஐந்தை மட்டும் மோட்டார் கடையில் மாற்றினார்கள். வட்டிக்கு வாங்க வேண்டிய அவசியமே வரவில்லை. போட்டியில் எத்தனையாவது வந்தாள் என்று கேட்காதீர்கள், நானும் கேட்கவில்லை. இப்போது வகுப்பில் மற்றப் பிள்ளைகளின் சக்கரத்தையும் அவள்தான் கழற்றிப் பார்க்கிறாளாம். அதைச் சொன்னபோது அவன் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குப் போதும்.

எதிர்க்கேள்வி வரும், தெரியும். "அப்போ விலை கூடின பேரிங் எல்லாம் ஏமாற்றா டீச்சர்?" இல்லை. ஸ்கேட்டிங்குக்கென்றே யோசித்துச் செய்கிற நல்ல கம்பெனிகள் இருக்கின்றன. எளிதில் கழற்றும் மூடி, உறுதியான கூண்டு, குதிப்பைத் தாங்கும் வடிவம் என்று பார்த்துச் செய்கிறார்கள். அவர்களில் சிலர் ஏபெக் எண்ணையே போடுவதில்லை, அது இந்த வேலைக்கான அளவுகோல் இல்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறார்கள். தேசிய அளவில், நொடியின் நூறில் ஒரு பங்குக்கு ஓடுகிறவர்களுக்கு ஒவ்வொரு சின்ன விஷயமும் கணக்குதான். 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசியப் போட்டியில் நம் ஆண்கள், பெண்கள் இரண்டு அணியும் 3000 மீட்டர் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வாங்கியபோது அந்தச் சின்ன விஷயங்களைக் கவனிக்கத் தனி ஆட்கள் இருந்திருப்பார்கள். அந்த உயரத்துக்குப் போன பிறகு வாங்கட்டும், நானே முதல் ஆளாகப் பணம் தருகிறேன். சமநிலையே இன்னும் சரியாக வராத பிள்ளைக்கு அது வேண்டாம். காசு இருப்பவர் ஆசைக்கு வாங்கினாலும் எனக்கு மறுப்பில்லை. அது இல்லாவிட்டால் களத்துக்கே வராதே என்று ஒரு குழந்தையிடம் சொல்வதற்குத்தான் மறுப்பு.

2018இல் ஒரு படம் உலகம் முழுக்கச் சுற்றியது. மாமல்லபுரத்துச் சிறுமி கமலி வெறுங்காலோடு ஸ்கேட்போர்டில் இறங்குகிற படம். அவளைப் பற்றி எடுத்த குறும்படம் 2020இல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரையானது. அந்தப் படத்தைப் பார்த்த யாரும் அவள் சக்கரத்துக்குள் என்ன எண் என்று கேட்டிருக்க மாட்டார்கள். அங்கேயும் நம் ஊர் மாதிரியே கடல்காற்று, அதே உப்பு.

முப்பத்து நான்கு வருஷம் மதிப்பெண் போட்டவள் நான். எண்ணின் பலமும் தெரியும், அதன் எல்லையும் தெரியும். ஒரு மூன்று மணி நேரத் தாளில் என்ன கேட்டோமோ அதை மட்டும்தான் மதிப்பெண் அளந்தது. உங்களில் பலரை வாழ்க்கையில் தூக்கி நிறுத்திய குணங்கள் எந்த விடைத்தாளிலும் வரவில்லை. உங்கள் பிள்ளைகளுக்குப் பொருள் வாங்கும்போதாவது அதை மறக்காதீர்கள். எந்த எண்ணைப் பார்த்தாலும் "இது எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை?" என்று கேட்கப் பழக்குங்கள். பேரிங்கில் கற்றுக்கொண்டால் நாளைக்குக் கல்லூரித் தரவரிசையிலும் கடன் விளம்பரத்திலும் அதே கேள்வியைக் கேட்பார்கள்.

துபாய் மாணவனுக்கு: உன் ஊரில் உப்போடு மணலும் சேர்ந்திருக்கிறது, ரப்பர் மூடியே போடு, பதினைந்து நாளைக்கு ஒருமுறை கழுவு. தங்கை மகளுக்கு: பையன் கோவளம் பக்கம் ஓட்டுகிறான் என்றால் வீட்டுக்கு வந்ததும் சக்கரத்தை ஈரத்துணியால் அல்ல, காய்ந்த துணியால் துடைக்கச் சொல்லு.

நம் ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மோட்டார் பட்டறையிலும் விசைப்படகு எஞ்சினிலும் வேலை பார்க்கிற என் மாணவர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள். உப்பில் எஃகைக் காப்பாற்றுகிற வித்தை உங்களைவிட யாருக்கும் தெரியாது. தெருவில் ஸ்கேட்டிங் பிள்ளை யாராவது இருந்தால் கூப்பிட்டு, ஒரு அரைமணி நேரம் பேரிங் கழுவக் கற்றுக் கொடுங்கள். கைக்கு அடங்காத பழைய பேரிங் இருந்தால் பேரிங் வண்டிக்கும் கொடுக்கலாம். தெருவில் திட்டு வாங்கினால் டீச்சர் சொன்னதாகச் சொல்லுங்கள்.